நம்பர் பேசுது - 17: பிடிச்சது எத்தனை, விட்டது எத்தனை? கபடி டிஃபென்ஸ் கணக்கு, புதுசா பார்க்கிறவங்களுக்கு!

திண்டிவனத்தில் சித்தி வீடு. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் ஃபேனுக்குக் கீழே சரிந்திருந்தோம். டி.வி-யில் பழைய புரோ கபடி மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. ரெய்டு போன ஒருவர் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்ததும் அரங்கமே எழுந்து கத்தியது. அடுத்த ரெய்டில் அதே ஆளைக் கணுக்காலைப் பிடித்து மடக்கினார்கள். கத்தல் இருந்தது, ஆனால் பாதிதான்.

வெற்றிலையை மடித்துக்கொண்டே ஆயா கேட்டார். "ஏண்டி, பாடிட்டுப் போறவன் தொட்டுட்டு வந்தா அவன் பேரைச் சொல்லிக் கத்துறாங்க. அவனையே ஒருத்தன் புடிச்சு அமுக்குறான். அவன் பேரு என்னான்னுகூட சொல்ல மாட்டேங்கிறாங்களே. அவனுக்குக் கூலி கெடையாதா?"

சுவரில் சாய்ந்திருந்த தம்பி பட்டென்று சொன்னான். "அதைத்தான் ஆயா நானும் ஒரு மாசமா கேட்டுக்கிட்டு இருக்கேன்."

தம்பி என்றால் சித்தி மகன். ப்ளஸ் டூ படிக்கிறான். ஸ்கூல் டீமிலும் ஊர் டீமிலும் லெஃப்ட் கார்னர். போன மாதம் விழுப்புரத்தில் நடந்த ஒரு செலக்‌ஷனுக்குப் போய்விட்டு, விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டும்வரை சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் பஸ்ஸில் வந்தவன். அவனை எடுக்கவில்லை. காரணம், ஸ்கோர்ஷீட்டில் அவன் பெயருக்கு நேரே 2 என்று இருந்தது. எடுக்கப்பட்ட பையன் பெயருக்கு நேரே 5. "அஞ்சு புடிச்சவன் எங்க, ரெண்டு புடிச்சவன் எங்க?" என்று கேட்டுவிட்டார்களாம்.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று நினைக்கலாம். தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரிகளில் ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்கிறது. இரண்டுக்கும் கேட்பது சர்டிஃபிகேட். சர்டிஃபிகேட் வேண்டுமென்றால் மாவட்ட டீம், மாநில டீம் என்று ஏறிப்போக வேண்டும். அந்த ஏணியில் முதல் படியே செலக்‌ஷன்தான். சித்தப்பா லோடு வண்டி ஓட்டுகிறார். சித்தி வீட்டில் அந்த 2 என்பது ஒரு விளையாட்டுச் செய்தி அல்ல. அடுத்த வருடம் ஃபீஸ் கட்டுவது பற்றிய செய்தி.

ஆயாவின் கேள்விக்கும் தம்பியின் கேள்விக்கும் பதில் ஒன்றுதான். அதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம். கபடியில் பிடிப்பவரின் கணக்கை எப்படிப் படிப்பது?

இரண்டு நிமிடத்தில் விதி

கபடியை இதுவரை பார்க்காதவர்களுக்காக முதலில் சுருக்கமாக. ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். ஒருவர் 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டே எதிரணிக் களத்துக்குள் போவார். அவர்தான் ரெய்டர். 30 விநாடிக்குள் யாரையாவது தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். தொடப்பட்டவர்கள் அவுட். ஒருவருக்கு ஒரு புள்ளி. திரும்ப விடாமல் பிடித்துவிட்டால் ரெய்டர் அவுட், பிடித்த அணிக்கு ஒரு புள்ளி. புள்ளி எடுக்கும் அணியில், ஏற்கெனவே அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் அந்தக் கணக்குக்கு உள்ளே வருவார்கள்.

பிடிப்பதைப் புரோ கபடியில் 'டேக்கிள்' என்கிறார்கள். நம் ஊர் மைதானத்தில் அது 'கேட்ச்', பிடிப்பவர் 'கேட்சர்'. ஓரத்தில் நிற்பவர்கள் கார்னர், அவர்களுக்கு உள்பக்கம் நிற்பவர்கள் கவர். கார்னர் பெரும்பாலும் காலைப் பிடிப்பார். கவர் ஓடிவந்து மோதித் தள்ளுவார் அல்லது வழியை மறிப்பார். இவ்வளவு தெரிந்தால் போதும்.

முதல் கணக்கு: ரெய்டரோடு ஒப்பிடாதீர்கள்

2017 சீஸனில் பர்தீப் நர்வால் எடுத்த ரெய்டு புள்ளிகள் 369. அடுத்த ஆண்டு, 2018-ல், உ.பி. யோதா அணியின் நிதேஷ் குமார் எடுத்த டேக்கிள் புள்ளிகள் 100. புதிதாகப் பார்ப்பவர்கள் 369 எங்கே, 100 எங்கே என்பார்கள். ஆனால் புரோ கபடி வரலாற்றில் ஒரே சீஸனில் 100 டேக்கிள் புள்ளியைத் தொட்ட முதல் ஆள் நிதேஷ்தான். 2023-24 சீஸனில் புனேரி பல்டன் அணிக்காக ஆடிய இரான் வீரர் முகமதுரேசா ஷாட்லூயி 99 வரை வந்து நின்றார்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? ரெய்டர் ஒரே பாட்டில் மூன்று பேரைத் தொட்டால் மூன்று புள்ளி. பிடிப்பவர் எவ்வளவு அழகாகப் பிடித்தாலும் வழக்கமாக ஒரு புள்ளிதான். அதனால் கேட்சரின் எண்ணை இன்னொரு கேட்சரின் எண்ணோடு மட்டும்தான் ஒப்பிட வேண்டும். ஸ்கோர்போர்டே இதை ஒத்துக்கொள்கிறது. ஒரு மேட்சில் 10 ரெய்டு புள்ளி எடுத்தால் 'சூப்பர் 10' என்று பாராட்டுவார்கள். பிடிப்பவருக்கு 5 எடுத்தாலே 'ஹை 5'.

இரண்டாவது கணக்கு: சூப்பர் டேக்கிள்

களத்தில் மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ இருக்கும்போது ரெய்டரைப் பிடித்துவிட்டால் ஒரு புள்ளிக்குப் பதில் இரண்டு. இது சூப்பர் டேக்கிள். நம் பக்கம் 'சூப்பர் கேட்ச்' என்பார்கள். ஏழு பேர் சுற்றி வளைப்பது ஒன்று, இரண்டு பேர் நின்று மடக்குவது வேறு. அதற்கான கூடுதல் கூலிதான் அந்தப் புள்ளி.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு சீஸன் முடிவில் ஒரு அணியின் சூப்பர் டேக்கிள் எண்ணிக்கை ரொம்ப அதிகம் என்றால் அது வீரம் மட்டும் அல்ல. அந்த அணி அடிக்கடி மூன்று பேர் நிலைக்குத் தள்ளப்பட்டிருக்கிறது என்றும் அர்த்தம். வீட்டில் அடிக்கடி தீயை அணைத்தவரைப் பாராட்டலாம். அடிக்கடி ஏன் தீப்பிடிக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

மூன்றாவது கணக்கு: போனது எத்தனை?

இந்த வாரப் பத்தியில் ஒன்றே ஒன்றைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வேன் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்சர் பிடிக்கப் போய்த் தவறவிட்டால் சும்மா இல்லை. அவர் அவுட். எதிரணிக்கு ஒரு புள்ளி. எதிரணியில் வெளியே இருந்த ஒருவர் உள்ளே வருவார். இரண்டு மூன்று பேர் சேர்ந்து பிடித்து எல்லோரையும் இழுத்துக்கொண்டு ரெய்டர் கோட்டைத் தொட்டுவிட்டால், தொட்ட அத்தனை பேரும் அவுட். அதனால் எத்தனை பிடித்தார் என்பது பாதிக் கதை. எத்தனை முறை போய் அத்தனை பிடித்தார் என்பதுதான் முழுக் கதை.

ஒரு கற்பனை உதாரணம். ராமு ஒரு மேட்சில் 12 முறை பிடிக்கப் போனான், 5 பிடித்தான், 7 விட்டான். சோமு 6 முறை போனான், 4 பிடித்தான், 2 விட்டான். ஸ்கோர்ஷீட்டில் ராமு 5, சோமு 4. ராமுதான் ஹீரோ, 'ஹை 5' வேறு. இப்போது விட்டதையும் கழித்துப் பாருங்கள். ராமு சம்பாதித்தது 5, கொடுத்தது குறைந்தது 7. அணிக்கு 2 புள்ளி நஷ்டம். சோமு சம்பாதித்தது 4, கொடுத்தது 2. அணிக்கு 2 புள்ளி லாபம்.

பிடித்ததைப் போன எண்ணிக்கையால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் வருவது டேக்கிள் வெற்றி சதவிகிதம். ராமுவுக்கு 42, சோமுவுக்கு 67. பிடித்தால் நமக்கு ஒன்று, விட்டால் அவர்களுக்கு ஒன்று என்பதால் 50 என்பதுதான் தராசின் நடுமுள். அதற்கு மேலே நிற்பவர் அணிக்குச் சேர்க்கிறார். கீழே நிற்பவர் எடுத்துக் கொடுக்கிறார். இனிமேல் டி.வி-யில் ஒருவரின் டேக்கிள் புள்ளியைக் காட்டினால், 'எத்தனை முயற்சியில்?' என்று கேட்டுப் பழகுங்கள்.

தம்பி விஷயத்துக்கு வருவோம். 5 பிடித்த பையன் 7 முறை போய் 5 பிடித்திருந்தால், அவனை எடுத்தது நியாயம். என் தம்பியே ஆனாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். 14 முறை போய் 5 என்றால் கதை வேறு. ஆனால் அந்த ஸ்கோர்ஷீட்டில் போன எண்ணிக்கை எழுத கட்டமே இல்லை. அதனால் எடுத்தது சரியா தப்பா என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. எடுத்தவர்களாலும்தான்.

நான்காவது கணக்கு: கூடப் பிடித்தவனுக்கு என்ன?

எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் ஒருநாள் அமெரிக்கன் ஃபுட்பால் பற்றி ஒரு குட்டிச் செய்தி எழுதச் சொன்னார்கள். எனக்கு அந்த ஆட்டத்தில் ஒரு அட்சரம் தெரியாது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. அது காலால் ஆடும் நம்ம ஊர் ஃபுட்பால் இல்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முன்னேறுகிறவனைப் பிடித்து விழவைக்கும் ஆட்டம். அதாவது கிட்டத்தட்ட கபடியின் தூரத்துச் சொந்தம். பிடிப்பதற்கு அங்கேயும் 'டேக்கிள்' என்றுதான் பெயர்.

அங்கே இரண்டு பேர் சேர்ந்து ஒருவரை விழவைத்தால், கூடப் பிடித்தவர் பெயரில் 'அசிஸ்ட்' என்று எழுதுகிறார்கள். தனியாகப் பிடித்தது தனி, சேர்ந்து பிடித்தது தனி. பந்தை வீசும் தலைமை ஆட்டக்காரரை, அவர் வீசுவதற்கு முன்பே மடக்கிவிட்டால் அதற்கு 'சாக்' என்று பெயர். அதை இரண்டு பேர் சேர்ந்து செய்தால் ஆளுக்கு அரை சாக். அரைப் புள்ளிகூட விடாமல் எழுதுகிறார்கள்!

ஆனால் அங்கேயும் ஆரம்பத்தில் இப்படி இல்லை. டீக்கன் ஜோன்ஸ் என்று ஒருவர். 1960-களில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியில் ஆடியவர். 'சாக்' என்ற பெயரையே பரப்பியவர் அவர்தான் என்பார்கள். ஆனால் என்.எஃப்.எல். லீக் சாக் கணக்கை அதிகாரபூர்வமாக எழுத ஆரம்பித்தது 1982-ல். ஜோன்ஸ் ஆட்டத்தை விட்டது 1974-ல். அதனால் அதிகாரபூர்வப் பட்டியலில் அவர் பெயருக்கு ஒரு சாக்கூட இல்லை. பிற்காலத்தில் ஆய்வாளர்கள் பழைய ஆட்டப் பதிவுகளை உட்கார்ந்து புரட்டி எண்ணியபோது அவர் கணக்கில் 173.5 வந்தது. வரலாற்றிலேயே முதல் சில இடங்களுக்குள் வருகிற எண்!

தம்பியிடம் இதைச் சொன்னபோது, "அந்த அரைகூட எழுதியிருக்காங்களா அக்கா?" என்று கேட்டான். அவனுக்கு 173 முக்கியமாகத் தெரியவில்லை. அந்த .5 தான்.

கபடியில் ஒருவர் காலைப் பிடித்து, இன்னொருவர் இடுப்பில் விழுந்து, மூன்றாமவர் கோட்டை மறித்தாலும், பொதுவாக முதலில் பிடியைப் போட்டவர் பெயரில்தான் டேக்கிள் எழுதப்படும். ஊர் மேட்ச் ஸ்கோர்ஷீட்டில் இரண்டாவது, மூன்றாவது ஆட்களுக்கு இடமே கிடையாது. காலைப் பிடித்தவர் மட்டும் தனியாக இருந்திருந்தால் ரெய்டர் இழுத்துக்கொண்டு போயிருப்பார் என்பது மைதானத்தில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். காகிதத்துக்குத் தெரியாது.

ஐந்தாவது கணக்கு: நடக்காதது

இதுதான் கொஞ்சம் கஷ்டமான இடம். ஆனால் ருசியான இடமும் இதுதான்.

நல்ல கார்னர் ஒருவர் நிற்கிறார். இரண்டு முறை கணுக்காலைப் பிடித்துவிட்டார். அதற்கப்புறம் ரெய்டர்கள் என்ன செய்வார்கள்? அந்தப் பக்கம் போகவே மாட்டார்கள். எதிர் மூலையில் நிற்கும் பையனைச் சுற்றியே பாடிவிட்டு வருவார்கள். நல்ல கார்னரின் எண் அதோடு நின்றுவிடும். பயந்ததால் வராத ரெய்டுக்குப் புள்ளி இல்லையே!

அமெரிக்கன் ஃபுட்பாலிலும் இதே கூத்து உண்டு. நியூயார்க் ஜெட்ஸ் அணியில் டாரல் ரெவிஸ் என்று ஒரு டிஃபெண்டர் இருந்தார். எதிரணி வீசும் பந்தை நடுவில் பறிப்பது அவர் வேலை. 2010 சீஸனில் அவர் பறித்த பந்துகள் பூஜ்யம். அப்படியும் அந்த ஆண்டின் மிகச்சிறந்த வீரர்கள் அணியில் அவர் பெயர் இருந்தது. காரணம், அவர் நிற்கும் பக்கம் பந்தை வீசவே எதிரணிகள் தயங்கின. அவர் நின்ற இடத்துக்கு 'ரெவிஸ் தீவு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எண்ணை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தால் அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

கபடியில் இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. அதுதான் 'எம்ப்டி ரெய்டு', அதாவது வெறும் ரெய்டு. ரெய்டர் யாரையும் தொடாமல், போனஸும் எடுக்காமல் திரும்பிப் போவது. தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுமனே போனால், மூன்றாவது 'டூ ஆர் டை'. அதில் புள்ளி எடுக்கவில்லை என்றால் ரெய்டர் அவுட். யாரும் கை வைக்காமலே பிடித்த அணிக்குப் புள்ளி! அந்த இரண்டு வெறும் ரெய்டையும் உருவாக்கியது பதறாமல் நின்ற டிஃபென்ஸ்தான். அந்தப் பொறுமையை யார் பெயரில் எழுதுவது?

தலைவாஸ் சொல்லும் பாடம்

நம் தமிழ் தலைவாஸ் அணியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021-22 சீஸனில் அந்த அணியின் ரைட் கார்னர் சாகர் 82 டேக்கிள் புள்ளி எடுத்தார். அந்த சீஸனில் 89 எடுத்த ஷாட்லூயிக்கு அடுத்த இடம் அவருக்குத்தான். ஆனால் தலைவாஸ் பிளே ஆஃபுக்குள் நுழையவே இல்லை. அடுத்த 2022 சீஸனில் முதல் மேட்சிலேயே நட்சத்திர வீரர் பவன் ஷெராவத் காயமடைந்து வெளியேறினார். 'போச்சு' என்று எல்லோரும் தலையில் கை வைத்தோம். ஆனால் அந்த சீஸனில்தான் சாகர் கேப்டனாக இருக்க, நரேந்தர் என்ற புதுமுக ரெய்டர் கைகொடுக்க, தலைவாஸ் முதன்முறையாகப் பிளே ஆஃபுக்குப் போய், டை பிரேக்கரில் ஜெயித்து அரையிறுதிவரை வந்தது.

ஒருவரின் எண் பெரிதாக இருந்தால் அணி ஜெயிக்கும் என்று இல்லை. கார்னர், கவர், ரெய்டர் என எல்லாம் சேர்ந்து வர வேண்டும். அதேபோல அணி தோற்றதால் அந்த எண் பொய் என்றும் இல்லை.

தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து போன தர்மராஜ் சேரலாதனை எல்லோரும் 'அண்ணா' என்றே கூப்பிடுவார்கள். 2016-ல் பாட்னா பைரேட்ஸ் கோப்பையை வென்றபோது கேப்டன் அவர்தான். அதே ஆண்டு உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அப்போது வயது 40-ஐத் தாண்டியிருந்தது. தன்னைவிடப் பாதி வயது ரெய்டர்களுக்கு எதிரே அந்த வயதில் ஒரு கார்னர் நிற்கிறார் என்றால், எப்போது போக வேண்டும் என்பதைவிட, எப்போது போகக் கூடாது என்று தெரிந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

நோட்டும் பேனாவும்

சரி, தம்பி கதைக்கு வருகிறேன். அடுத்து வந்த ஞாயிறு திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மேட்ச். மண் தரை, சுண்ணாம்புக் கோடு, நான்கு கம்பத்தில் லைட், மைக்கில் ஓயாமல் பேசும் ஒரு அண்ணன். நான் ஒரு நாற்பது பக்க நோட்டோடு போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர், "யம்மா, பேப்பர்லேந்து வர்றியா, நம்ம ஊர் பேரைப் போடுவியா?" என்று கேட்டார். "இல்லை தாத்தா, தம்பி ஆடுறான்" என்றேன். நகர்ந்து இடம் கொடுத்தார்.

எதிரணி மொத்தம் 31 முறை ரெய்டு வந்தது. நான் எழுதியது இதுதான்:

- தம்பி களத்தில் இருந்தது: 24 ரெய்டு. அவுட்டாகி வெளியே இருந்தது: 7 ரெய்டு.
- பிடிக்கப் போனது: 7 முறை. பிடித்தது: 3. விட்டது: 4.
- பிடித்த மூன்றில் ஒன்று சூப்பர் கேட்ச். ஆக, ஸ்கோர்ஷீட்டில் 4 புள்ளி.
- வேறு ஒருவர் பெயரில் எழுதப்பட்டு, இவன் ஓடிவந்து மடக்கியது: 2.
- அவன் உள்ளே இருந்த 24 ரெய்டில் வெறுமனே போனது: 11. எதிரணி எடுத்த புள்ளி: 12.
- அவன் வெளியே இருந்த 7 ரெய்டில் எதிரணி எடுத்த புள்ளி: 9.

கடைசி இரண்டு வரியைப் பாருங்கள். அவன் உள்ளே இருக்கும்போது இரண்டு ரெய்டுக்கு ஒரு புள்ளி. வெளியே போனதும் ஒரு ரெய்டுக்கு ஒன்றுக்கு மேல். ஒரே ஒரு மேட்சை வைத்து முடிவு கட்டக் கூடாது. அவன் வெளியே இருந்த நேரத்தில் வேறு சிலரும் வெளியே இருந்தார்கள். ஆனாலும் இந்த இரண்டு வரிக்கு எந்த ஸ்கோர்ஷீட்டிலும் கட்டம் கிடையாது.

ராத்திரி பதினொன்றரைக்கு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காட்டினேன். முதலில் அவன் முகம் மலர்ந்தது. "பாத்தியாம்மா!" என்று சித்தியைக் கூப்பிட்டான். எனக்கு அதோடு நோட்டை மூடிவிட ஆசைதான். ஆனால் நம்பர் பேச ஆரம்பித்தால் நமக்குப் பிடித்ததை மட்டும் பேசாது.

"ஏழுல மூணுன்னா 43 பர்சன்ட்டுடா. பாதிக்குக் கீழ" என்றேன்.

விட்ட நாலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஒன்று டூ ஆர் டை ரெய்டு. ரெய்டர் எப்படியும் பாய்வார், போய்த்தான் ஆக வேண்டும், அதை விட்டுவிடலாம். மற்ற மூன்றும் சாதாரண ரெய்டு. களத்தில் ஆறு பேர், ஏழு பேர் இருந்த நேரம். ரெய்டர் இன்னும் உள்ளேகூட வரவில்லை. இவன் முந்திக்கொண்டு பாய்ந்திருக்கிறான். சும்மா நின்றிருந்தால் அவை வெறும் ரெய்டாகப் போயிருக்க வாய்ப்பு அதிகம். அந்த மூன்றால்தான் அவன் அத்தனை நேரம் வெளியே உட்கார்ந்தான். அவன் வெளியே இருந்தபோதுதான் அந்த 9 புள்ளி போனது.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "செலக்‌ஷன் அன்னிக்கும் அப்படித்தான் அக்கா பாஞ்சேன். நம்பர் ஏறணும்னு பாஞ்சேன்" என்றான்.

எனக்கு அந்த இடத்தில் சுரீரென்றது. எழுதுகிறவர்கள் பிடித்த எண்ணிக்கையை மட்டும் எழுதுவார்கள் என்று அந்தப் பையனுக்குத் தெரியும். அதனால் எண்ணை ஏற்றப் பாய்கிறான். பாய்ந்ததால் ஆட்டம் கெடுகிறது. என்ன எண்ணுகிறோமோ அதற்கேற்ற மாதிரிதான் பிள்ளைகள் ஆடுவார்கள். மார்க்குக்கும் இதே கதைதானே!

நீங்களும் எழுதலாம்

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு கேட்சர் இருந்தால், அடுத்த மேட்சுக்கு ஒரு நோட்டு எடுத்துப் போங்கள். ஆப் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். ஐந்து கட்டம் போதும்:

1. பிடிக்கப் போனது எத்தனை முறை?
2. பிடித்தது எத்தனை? (சூப்பர் கேட்ச் என்றால் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.)
3. கூடப் பிடித்தது எத்தனை?
4. விட்டபோது களத்தில் எத்தனை பேர் இருந்தார்கள்? சாதாரண ரெய்டா, டூ ஆர் டையா?
5. அவர் உள்ளே இருந்தபோது வெறுமனே போன ரெய்டு எத்தனை?

ஒரு மேட்சில் எதுவும் தெரியாது. ஐந்து மேட்ச் சேர்ந்தால் ஒரு முகம் தெரிய ஆரம்பிக்கும். பெண் பிள்ளைகள் ஆடும் மேட்சுக்கும் இதே கணக்குதான். அங்கே நோட்டு இன்னும் அவசியம், ஏனென்றால் வீடியோ எடுக்கக்கூட ஆள் வருவதில்லை. செலக்‌ஷனுக்கு ஆள் எடுக்கிற பெரியவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரே ஒரு வேண்டுகோள். ஸ்கோர்ஷீட்டில் இன்னும் ஒரே ஒரு கட்டம் சேருங்கள். 'போனது' என்று.

தம்பியின் பி.இ.டி. சார் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு இரண்டு நாள் வைத்திருந்தாராம். இப்போது வெளியே உட்காரும் இரண்டு பையன்களிடம் எழுதும் வேலையைக் கொடுத்திருக்கிறார். போன வாரம் தம்பி போனில் பேசினான். "அக்கா, அஞ்சு தடவதான் போனேன். மூணு புடிச்சேன்." அடுத்த செலக்‌ஷன் எப்போது என்று இன்னும் சொல்லவில்லை.

ஆயாவுக்கும் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டார். "அது சரி, புடிக்காம சும்மா நின்னு அனுப்பிச்சானே, அதுக்கு எத்தினி?"

(அடுத்த வாரம்: கரன்ட் பில்லில் இருக்கும் யூனிட் கணக்கு. பில்லை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்!)